ராட்சசனுக்குச் செய்த பூஜை

நீலசந்திராவில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு ராட்சசன் குடியிருந்தான். தொண்ணூறுகள் முடியப்போகும் சமயம், எனக்கு ஒன்பது வயதிருக்கும். ராட்சசன் என்றால் வீடியோ கேம் மிஷின். ஆள் உயர மரப்பெட்டி, நடுவில் டிவி, அதற்குக் கீழே கைப்பிடியும் பொத்தான்களும். காசு போட்டு விளையாடும் கடை ஒன்றை மூடியபோது குப்பைக்குப் போக இருந்ததைச் சித்தப்பா தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு இடம் விட்டு அம்மாவின் தையல் மிஷின் சமையலறைக்குப் போனது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சித்தப்பா பொம்மசந்திரா ஃபேக்டரி வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டிருந்தார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அப்பா. அதற்காக அங்கிருந்த சூப்பர்வைசரின் பிள்ளைகளை ஒரு வருடம் தன் ஆட்டோவில் சும்மாவே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனவர். தம்பிக்காரன் அதை உதறிவிட்டு, செத்த மிஷினுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அப்பாவின் எரிச்சல் தினமும் சாப்பாட்டு நேரத்தில்தான் வெளியே வரும். சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

அந்த விளையாட்டில் நாம்தான் ராட்சசன். கட்டிடத்தின் மேல் தொற்றி ஏறி, ஜன்னல் ஜன்னலாகக் குத்தி, அது பொலபொலவென்று சரியும்வரை இடிக்க வேண்டும். கீழேயிருந்து சிப்பாய்கள் சுடுவார்கள். பலம் தீர்ந்துவிட்டால் ராட்சசன் சுருங்கிச் சுருங்கி ஒரு சின்ன மனிதனாகி, திரையின் ஓரமாக நழுவிப் போய்விடுவான்.

ஆனால் அப்போது கேம் கடைகளில் பையன்கள் கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையுமாக இருந்தார்கள். இந்தப் பழசை எவன் தொடுவான் என்று அப்பா கேட்டார். தொட வைக்கிறேன் என்று சித்தப்பா கைப்பிடியை மாற்றினார், தெருவே அதிரும் ஸ்பீக்கரைப் பொருத்தினார். பெட்டியின் பக்கவாட்டில், கண்ணாடிக் கட்டிடம் ஒன்றின் தலையில் ராட்சசன் உட்கார்ந்திருப்பதைப் போல் தானே பெயிண்ட் அடித்தார்.

“நம்ம ஊர்ல தெனம் ஒரு கண்ணாடி பில்டிங் எழும்புது பாப்பா. நம்மள உள்ள விடுவானா? இதுலயாச்சும் ஏறி ஒடைக்கட்டும்,” என்றார்.

கேம் கடைக்குள் பெண்பிள்ளைகள் தலைகாட்ட முடியாத காலம் அது. எங்கள் தெருவில் முதன்முதலாகக் கட்டிடம் இடித்தவள் நான் என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். ஒரு நாள் மாலை நான் தோற்றுப்போய், ராட்சசன் சின்ன மனிதனாகி ஓரம் கட்டியபோது, பின்னாலிருந்து அப்பா, “பாத்தியா, அப்படியே ஒங்க சித்தப்பன்,” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார்.

காக்ஸ் டவுனில் பேக்கரி வைத்திருந்த ஒருவர் ஆயுத பூஜையன்று வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் மிஷினைத் தன் கடையில் வைத்துக்கொள்வார், சித்தப்பாவும் கூடவே இருந்து நடத்தலாம். அப்பா இன்னொரு பக்கம் சூப்பர்வைசரின் காலில் விழாத குறையாகப் பேசி வைத்திருந்தார். மிஷின் ஓடினால் பேக்கரி, ஓடாவிட்டால் திங்கட்கிழமை பொம்மசந்திரா பஸ். சித்தப்பா அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். பூஜைக்கு முந்தின நாள் மாலை ஒரு தடங்கலும் இல்லாமல் மிஷின் ஓடியது. அப்பா கதவோரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போனார்.

பூஜையன்று காலையில் அப்பா அடியோடு மாறியிருந்தார். ஆட்டோவைக் கழுவி வாழைக்கன்று கட்டி முடித்தவர், மிஷினைப் பார்த்து, “இதுவும் ஆயுதம்தானடா. இதுக்கும் சேத்துப் பண்ணிடலாம். நீ போய்ப் பூசணிக்கா வாங்கினு வா,” என்றார். அதுவரை அந்த மிஷினை அவர் ‘அந்தச் சனியன்’ என்றுதான் சொல்லிக் கேட்டிருந்தேன். சித்தப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. செருப்பைக்கூட மாட்டாமல் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அப்பா மிஷினுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். பிறகு மஞ்சள் தண்ணீர் இருந்த சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். காற்றுப் போவதற்காக அங்கே இருந்த ஓட்டைகளின் வழியாக, ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தாமல் நிதானமாக ஊற்றினார். நான் பயபக்தியோடு கைகூப்பி நின்றேன்.

பேக்கரிக்காரர் வந்தார். கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்க, சித்தப்பா ஸ்விட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். திரை ஒரு கணம் வெளுத்து இருண்டது. கருகிய நாற்றம் முன்னறை முழுக்கப் பரவியது. ஸ்விட்சை அணைத்துவிட்டு அவர் பின்பலகையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து மஞ்சளாகச் சொட்டியது.

“அப்பாதான் சித்தப்பா! ஒரு சொம்பு முழுக்க அபிஷேகம் பண்ணாரு!” என்று நான் பெருமையாகச் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

“எனக்கென்னடா தெரியும் இதெல்லாம்? சாமி காரியம்னு ஊத்திட்டேன்,” என்றார் அப்பா.

“பூஜை அன்னிக்கே நின்னுடுச்சே குரு. என் கடைக்கு வேணாம், விட்டுடு,” என்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டு, கொடுத்த சுண்டலைக்கூடத் தொடாமல் கிளம்பினார்.

சித்தப்பா ஈரமான போர்டைத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். “பரவால்ல விடுண்ணா,” என்றார். திங்கட்கிழமை பஸ் ஏறினார். மிஷின் பழைய சாமான் கடைக்குப் போனது, அம்மாவின் தையல் மிஷின் முன்னறைக்குத் திரும்பியது. சித்தப்பாவுக்குக் கெட்டி வேலை கிடைத்த கதையை அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை. ஃபேக்டரியில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நானும் வளர்ந்துவிட்டேன் என்று காட்ட, வாளித் தண்ணீரை மொண்டு ஆட்டோவின் பின்பக்க இன்ஜின் மேல் வீசினேன். அப்பா பதறிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

“ஏய், ஒயர்ல தண்ணி பட்டா வண்டி செத்துடும்! மொதல்ல கவர் சுத்தணும். வருஷா வருஷம் பண்றேன், பாத்ததில்ல?”

சித்தப்பா எழுந்து வந்தார். கீழே கிடந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து, பிளக்கின் மேலும் ஒயர்களின் மேலும் பொறுமையாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார்.

“கேட்டுக்கோ பாப்பா. எங்க தண்ணி படக்கூடாதுன்னு ஒங்கப்பாக்கு நல்லாத் தெரியும்,” என்றார்.

அப்பா ஏற்கெனவே பளபளவென்றிருந்த சக்கரத்தைக் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடமாக அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த சித்தப்பா, கடைசியில் அவரைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே ஓடிப்போய் அதை அம்மாவிடமும் சொன்னேன்.