அவள் போட்ட கணக்கு

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் இரண்டாவது செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. திருப்பூரிலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஒரு தனியார் கல்லூரி. இதை என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பிளஸ் டூவில் கணக்கில் சென்டம் வாங்கியவள் நான். அப்பாவுக்குக் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரக் கடை. சரக்கு எடுக்க வடக்கேயிருந்து வருகிறவர்களிடம்கூட, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் “மேரா பேட்டி, மேத்ஸ், சென்டம்” என்று என்னைப் பற்றிச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொள்வார். கல்லூரியிலும் அந்தப் பெயர் என் கூடவே வந்துவிட்டது. கணக்கு வகுப்பு மேடம் ஒரு கேள்வி கேட்டால் முதலில் என் பக்கம்தான் பார்ப்பார்.

உண்மை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் நான் கணக்கைப் படித்ததே மனப்பாடமாகத்தான். புத்தகத்தில் இருக்கும் அத்தனை கணக்கையும் நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டால், பரீட்சையில் கை தானாக எழுதும். முதல் செமஸ்டரும் அப்படியே ஓடிவிட்டது. இரண்டாவது செமஸ்டரில் வெக்டர் கால்குலஸ் வந்தது. கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் வரைக்கும் ஃபார்முலாவை வைத்துச் சமாளித்தேன். அதற்கப்புறம் ஒரு கோட்டின் மேலே இன்டெக்ரேட் பண்ணு, ஒரு பரப்பின் மேலே பண்ணு என்றபோது என்னால் எதையும் மனசில் வரைந்து பார்க்க முடியவில்லை. மேடம் போர்டில் படம் போட்டு, அம்புக்குறி வைத்து, “புரியுதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் தலையாட்டுவேன். சென்டம் வாங்கியவள் எழுந்து நின்று புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

எனக்கு முன் பெஞ்சில், கொஞ்சம் தள்ளி ஒரு பெண் உட்காருவாள். வெள்ளகோவில் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். அப்பா இல்லை. அம்மா விசைத்தறி ஓட்டுகிறார். கல்லூரிக்காக இவள் வீரபாண்டியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். சனி, ஞாயிறுகளில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாகச் சொல்வார்கள். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். கூடப் படிக்கிற எங்களையே ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவாள். முதல் இன்டர்னல் தேர்வில் கணக்கில் ஃபெயில். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மேடத்திடம் சொன்னாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது இன்டர்னல் தேர்வு வந்தது. கிரீன்ஸ் தியரத்தில் ஒரு பெரிய கணக்கு நிச்சயம் வரும் என்று தெரியும். புத்தகத்தில் இருந்த இரண்டு கணக்குகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கேள்வித்தாளைப் பார்த்தால் இரண்டும் இல்லை. மூன்று முனைகளைக் கொடுத்து, அந்த முக்கோணத்தைச் சுற்றி இன்டெக்ரேட் பண்ணச் சொல்லியிருந்தார் மேடம். எங்கே தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுடைய பேப்பர் கண்ணில் பட்டது. டெஸ்க்கின் ஓரத்தில் சாய்வாக வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய முக்கோணம், ஒவ்வொரு பக்கத்திலும் அம்புக்குறி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக வரிகள். நான் யோசிக்கவே இல்லை. படத்திலிருந்து கடைசி வரி வரை அப்படியே என் பேப்பரில் எழுதினேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் காப்பி அடிக்கிறேன் என்பதுகூட வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

நாலு நாள் கழித்து மேடம் பேப்பர்களோடு வந்தார். எங்கள் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு பேப்பரிலும் படம், வரிகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்துக்கான வரியில் மைனஸ் குறியை விட்டதும் ஒன்றுபோல. இதை யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டார். ஆனால் கேட்கும்போதே அவர் பார்வை அவள் மேல்தான் இருந்தது.

அவள் திரும்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் பாக்கலீங்க மேடம்” என்றாள்.

மேடம் நம்பவில்லை. முதல் தேர்வில் ஃபெயிலானவள் பின்னால் இருக்கும் சென்டத்தைத் திரும்பிப் பார்த்து எழுதியிருப்பாள் என்றுதான் வகுப்பில் எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குப் பூஜ்யம் போட்டார். வீட்டிலிருந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன் என்றார். என்னிடம், இனிமேல் பேப்பரை மறைத்து வைத்து எழுது என்று மட்டும் சொன்னார். அதற்கும் நான் தலையாட்டினேன்.

அடுத்த மூன்று நாள் அந்த இடம் காலியாக இருந்தது. அவளுடைய மாமா ஒருவர், இந்தப் படிப்பெல்லாம் எதுக்கு, முழுநேரமும் கம்பெனிக்கே போகட்டும் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாராம். இந்த விஷயம் அவர் காதுக்குப் போனால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்த ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டும் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலாவது நாள் அவள் அம்மா வந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்று மேடம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். காதோர முடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. தறியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வேறு பக்கம் போய்விட்டேன்.

ஆனால் சாயந்திரம் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் தப்பிக்க வழியில்லை. அவளும் அம்மாவும் அங்கே நின்றிருந்தார்கள். நானும் அதே வகுப்பு என்று கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தோ என்னவோ கண்டுபிடித்து, அந்த அம்மா என் கிட்டே வந்தார்.

“அம்மணி, நீயும் இவ கிளாஸ்தானா? பாத்தா நல்லாப் படிக்கிற புள்ளையாட்டத் தெரியுது. இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு கண்ணு. இனிமே யாரையும் பாத்து எழுத வேண்டாம்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லு.”

பக்கத்தில் நின்ற அவள், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, “சொல்லித் தருவாங்கம்மா, வா போலாம்” என்றாள்.

அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருந்தால், ஒருவேளை நான் இன்னும் நாலு நாள் தாக்குப்பிடித்திருப்பேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். காப்பி அடித்தது நான்தான் என்று சொன்னேன். மேடம் அலமாரியிலிருந்து இரண்டு பேப்பர்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அவள் எழுதியிருந்த மூன்று, அவசரத்தில் எட்டு மாதிரி இருந்தது. நான் அதை அழகாக, தெளிவாக எட்டு என்றே எழுதியிருந்தேன். ஆனால் என் அடுத்த வரியில் இருந்தது மூன்றுக்கு வருகிற விடை.

“இது அன்னைக்கே என் கண்ணுல பட்டிருக்கணும். நான் பேரைப் பாத்தேன், பேப்பரைப் பாக்கலை” என்றார். அதை என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. வகுப்பில் வைத்து அவளைச் சொன்னதால் வகுப்பில் வைத்துத்தான் இதையும் சொல்ல வேண்டும், உன்னால் முடியுமா என்று கேட்டார்.

சொன்னேன். என்ன வார்த்தைகள் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. ஃபேன் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. நான் முடித்ததும் மேடம் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, “உன்கிட்ட நானும் மன்னிப்புக் கேக்கணும்மா” என்றார். அவள் எழுந்து, “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

மேடம் அவளிடம் சாக்பீஸைக் கொடுத்து அந்தக் கணக்கைப் போர்டில் போடச் சொன்னார். விட்டுப்போன மைனஸ் குறியை அவளே கண்டுபிடித்துச் சரிசெய்தாள். எப்படிப் புரிந்துகொண்டாய் என்று மேடம் கேட்டபோதுதான் அவள் கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறாள் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. சட்டை, பனியன் தைக்கத் துணி வெட்டுவதற்கு வைக்கும் அட்டைகளின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை.

“அட்டையோட ஓரத்துல புள்ளி புள்ளியா வெச்சு ஒரு சுத்து வந்தாப் போதுமுங்க மேடம். உள்ள எவ்வளவு துணி புடிக்கும்னு கம்ப்யூட்டர் சொல்லிரும். ஓரத்தை மட்டும் வெச்சு உள்ள இருக்கறத எப்படிச் சொல்லுதுன்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டே இருந்தனுங்க. நீங்க இந்தத் தியரம் நடத்துன அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

நான் மனப்பாடம் செய்து செய்து பிடிபடாமல் போன ஒன்றை, அவள் சனி ஞாயிறுகளில் கையால் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் மார்க்கைப் பூஜ்யமாக்கினார்கள். அப்பாவையும் வரச் சொன்னார்கள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். திரும்பி வரும்போது ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டார்.

“மார்க் போனாப் போகுது. அந்தம்மா வெள்ளகோவில்ல இருந்து வேலையை உட்டுப்போட்டு வந்து தலைகுனிஞ்சு நின்னிருக்குது. அதுக்கு என்ன பண்ணப் போற?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் வெள்ளகோவிலுக்குப் போனோம். அவள் அன்றைக்கு வேலையில் இருந்தாள். அம்மா மட்டும்தான் வீட்டில். பஸ் ஸ்டாப்பில் பார்த்த பெண் என்று என்னை அடையாளம் கண்டுகொண்டு, சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. நான் வகுப்பில் ஒப்புக்கொண்டதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ற புள்ள அன்னைக்கே சொல்லுச்சுங்க, நான் பாக்கலைம்மான்னு. நான்தான் நம்பலை. பஸ்ஸுல வீரபாண்டி வரைக்கும் புள்ளகூட ஒரு வார்த்தை பேசலீங்க நானு.”

அப்பா ஏதோ ஆறுதல் சொன்னார். அந்த அம்மா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. செல்ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அவள் எடுத்ததும், “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். அதற்கு மேல் பேச முடியாமல் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதார். கிளம்பும்போது எங்கள் இருவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன். அந்தக் காப்பியைப் போல் ஒன்றை என் எதிரிக்கும் யாரும் கொடுக்க வேண்டாம்.

அவளும் நானும் அதற்குப் பிறகு நெருங்கிய தோழிகளாகிவிட்டோம் என்று சொன்னால் பொய். ஏன் பஸ் ஸ்டாப்பிலேயே சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “நாஞ் சொல்லி யாருங்க நம்பியிருப்பாங்க?” என்றாள், வருத்தமே இல்லாத குரலில். சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். மீதி மூன்று வருஷமும் ‘வாங்க, போங்க’தான். நான் அந்த செமஸ்டர் கணக்குப் பேப்பரை மட்டமான மார்க்கில் பாஸ் செய்தேன், ஆனால் முதல் முறையாகப் புரிந்துகொண்டு. இப்போது அவள் வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வரும், நானும் பதில் போடுவேன்.

நான் இங்கேயே ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தையல் லைனில் ஏதாவது தப்பு நடந்துவிட்டால், விசாரிக்கும் முன்பே எல்லோர் கண்ணும் ஒரே முகத்துக்குப் போவதைப் பார்க்கிறேன். சில நாள் என் கண்ணும் போகிறது. அப்போதெல்லாம், நான் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்ற அந்த அரை நிமிஷத்தால் ஒரு தாய் தன் பெண்ணை நம்பாமல் போனது நினைவுக்கு வரும். என்ன நடந்தது என்று முதலில் அந்த ஆளிடமே வாயைத் திறந்து கேட்டுவிடுவேன்.