டெஸ்மண்ட் துப்பாக்கியை உலர்த்திய கதை

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட், பால் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். எங்கள் ஊரான ஹோகிடிகாவின் மழையைச் சொந்தக்காரனைத் திட்டுவதுபோலத் திட்டுவார். இரண்டு நாள் வராவிட்டால் தேடுவார். ஆண் மான்கள் முழங்கும் ஏப்ரலில் மலைக்குள் ஒரு வாரம் வேட்டையாட இடம் கொடுக்கும் குலுக்கலில் ஒன்பது வருஷமாகப் பெயர் போட்டு வந்தார். இந்த வருஷம்தான் விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலை மலைக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர்.

சனிக்கிழமை, கை பழகட்டும் என்று காட்டுக்குப் போனவர் ஓடையில் வழுக்கி, துப்பாக்கியோடு முழுகி எழுந்து வந்தார்.

சமையல் மேசையில் பழைய துண்டை விரித்தார். துப்பாக்கிக் குழாயைக் கவிழ்த்ததும் தண்ணீர் கொட்டியது. குழாயைத் தாங்கும் மரக்கட்டையைக் கழற்றினால் அதற்கடியிலும் ஈரம். "துரு இங்கதான் குடித்தனம் பண்ணும்," என்றார். கம்பியில் துணியைக் கோத்துக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. அடுத்து, மனைவி நொலீனின் ஹேர் டிரையர்.

"என் தலைக்கு ஒருநாளாவது இவ்வளவு பொறுமையா காத்து புடிச்சிருக்கியா?"

"உன் தலை துருப்பிடிக்காதே, கண்ணு."

எண்ணெய் பூசிய துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. போல்ட்டைத் தனியே வைப்பதுதான் ஒழுங்கு. பின்னால் இழுத்துத் தள்ளும் அந்த இரும்புத் தண்டு இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். அதைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் துணிகளுக்கு நடுவே செருகினார். "சூட்டுல நல்லா காயட்டும். திருடன் ஏழு ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை, தானே மூட்டை கட்டினார். அலமாரியிலிருந்து கதகதப்பான துணிகளை அள்ளி அள்ளித் திணித்தார். திங்கட்கிழமை மாலை பார்த்தால் போல்ட்டைக் காணோம்.

"மூட்டையில பாத்தியா?" என்றாள் நொலீன்.

"நான் என்ன பைத்தியமா? அத அவுத்தா மறுபடி கட்ட ரெண்டு ஆள் வேணும்."

அடுப்புக்குள், நாய்க் கூட்டில், லாரியில், எல்லா இடத்திலும் தேடினோம். "திருடு போயிருந்தா? போலீஸ்ல சொல்லிடலாமா?" என்றேன்.

"உனக்கு மழை பெஞ்சாலும் போலீஸ்தான்!" என்று என்மேல் பாய்ந்தார்.

ஒன்பது வருஷத்து இடம், விட மனசில்லை. கூட்டாளி மெர்வுக்குச் சமைத்துப் போடவாவது என்று ஹெலிகாப்டரில் ஏறிவிட்டார். மெர்வ் தன் பல் துலக்கும் பிரஷைக்கூடக் கொடுப்பார். துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார்.

அன்று சாயங்காலமே நொலீன் என்னைக் கூப்பிட்டாள். மலையிலிருந்து செய்தி அனுப்ப அவர்கள் கொண்டுபோயிருந்த கருவி வழியாக டெஸ்மண்ட் எழுதியிருந்தார்: "எதிர்க்கரையில மான் கத்துது. கொம்புல பதினாலு கிளை. காலு நனைஞ்சுதேன்னு வேற காலுறை மாட்டினேன். கட்டைவிரல்ல இரும்பு இடிச்சுது. போல்ட் கிடைச்சிருச்சு."

அவள் சிரித்துச் சிரித்து நீர் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் தட்டினாள்: "ரொம்ப சந்தோஷம். துப்பாக்கி இங்க பெட்டியில பத்திரமா இருக்கு. நடுவுல மூணு மலை. இவ்வளவு ஒழுங்கா பிரிச்சு வச்சவன் இந்த ஊர்லயே கிடையாது."