ஜப்பான் நேரத்தில் ஓர் ஆற்றங்கரை நடை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆலோர் காஜா முச்சந்தியில் மலாக்கா பஸ் ஏறினோம். இரண்டு மணி என்றால் ஜப்பான் நேரம். ஜப்பான்காரர்கள் மலாயாவுக்குள் வந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் எங்களுக்கும் மணி. சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, அது பழையபடியே பன்னிரண்டரை மணி வெயிலை எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் நான்கு பேர். நான் ஆலோர் காஜாவுக்கு நான்கு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸர். ஊசி போடுவது, புண் கட்டுவது, இல்லாத கொய்னா மருந்துக்குப் பதில் சொல்வது என் வேலை. என்னோடு கமலம் அக்கா, அவள் வீட்டுக்காரர், அவர்களுடைய ஆறு வயது மகள் வள்ளி. மாமா அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ் கரியில் ஓடியது. பின்பக்கம் ஒரு பெரிய தகர உருளை, அதற்குள் கரி நெருப்பு. டிக்கெட் ஆளுக்கு இரண்டு வெள்ளி, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டில். மலாக்காவுக்குப் பதினைந்து மைல்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும்.

"தள்ளுறவங்களுக்கு டிக்கெட்ல கொறைக்க மாட்டியா முத்தண்ணே?" என்று அக்கா டிரைவரிடம் கேட்டாள்.

"தள்ளாம உக்காந்திருக்கிற ஆளுக்கு ஏத்திடுறேன்" என்று முத்து அண்ணன் மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா இறங்கினார்.

நாங்கள் எதற்குப் போகிறோம் என்று அந்தப் பஸ்ஸில் முத்து அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். பேச்சைத் தொடங்கிவைத்தவரே அவர்தான்.

பெண்ணை நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் மருந்து கேட்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது, காலில் புண்ணோடு ஒரு பெரியவர் வரிசையில் நின்றார். அங்கே கட்டுப்போட ஆள் போதவில்லை. சும்மா நிற்கிறோமே என்று நானே உட்கார்ந்து பழைய கட்டைப் பிரித்தேன். பக்கத்தில் நின்ற அவர் மகள் மலாயில் சொன்னாள்: "மெதுவா. அது கால், ரப்பர் மரமில்ல." என் காக்கிச் சட்டையில் ரப்பர் பால் கறை இருந்ததைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் பெயர் லெட்சுமி. மலாக்காவை ஒட்டிய காஜா பேராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகள் குடும்பம். பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். கும்பிடுவது நம் சாமி, கட்டுவது சாரோங், வீட்டில் பேசுவது மலாய். அதில் அங்கங்கே தமிழ் வார்த்தை வந்து விழும்.

அவள் அப்பா அவசரத்தில் இருந்தார். ஜப்பான் பட்டாளம் ஊரில் இருக்க, கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை முவாரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. எனக்குத் தோட்டத்தில் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அடுத்தது எப்போது என்று மானேஜருக்கே தெரியாது. ஆகவே இன்று பேச்சு முடியவில்லை என்றால் லெட்சுமி முவாருக்குப் போய்விடுவாள்.

வீட்டுக்கு வரவேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். வருகிறவர்களுக்குப் போட அரிசி இல்லை. நாலு பேர் கூடினால் அக்கம்பக்கம் பார்க்கும். தட்டிப்போனால் பெண்ணுக்குப் பேர் கெடும். அதனால் இரண்டு குடும்பமும் ஆற்றங்கரையில் உலாத்துவது, தற்செயலாகச் சந்திப்பது என்று ஏற்பாடு. முத்து அண்ணன் கொண்டுவந்த சேதி இவ்வளவுதான்: "ஞாயித்துக்கிழம, ராகு காலம் கழிஞ்சதும், ஆத்தோரம்." ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

நாலு மணிக்கு மலாக்காவில் இறங்கினோம். சிவப்புக் கடிகாரக் கோபுரத்துக்கு எதிரே பாலம். பாலத்து முனையில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். அவனுக்கு இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டுத்தான் போகவேண்டும். வள்ளி எங்களைவிட நன்றாகக் குனிந்தாள். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போனால் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், அதனால் மணி பார்க்கக் கோபுரம் ஒன்றுதான் துணை. கரையில் உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கை உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றோம். ராகு காலத்தில் நல்ல காரியத்துக்கு அடியெடுத்து வைக்கக் கூடாது என்று ஆறு மணி வரை அக்கா யாரையும் எழுந்திருக்க விடவில்லை.

ஆறு அடித்தது. யாரையும் காணவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

இனிப் போகப்போகிறவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். பாலத்திலிருந்து காஜா பேராங் பக்கத்து வளைவு வரை ஒரு மைல் இருக்கும். ஏற்றம் இறக்கம் இல்லை, சின்னப் பிள்ளைகள் தாராளமாக நடக்கலாம். முதல் பாதி கடைவீடுகளின் பின்புறம். கல்படிகளில் தொங்கான் என்கிற சரக்குப் படகுகள் கட்டிக் கிடக்கும், கரி மூட்டையும் விறகும் இறங்கும். அடுத்த பாதியில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள், தென்னை, தண்ணீருக்குள் காலை நனைத்துக்கொண்டு நீப்பா மரங்கள். சேற்றில் ஆள் நீளத்துக்கு உடும்பு படுத்திருக்கும், ஒன்றும் செய்யாது. எந்த மாதம் போகலாம் என்று கேட்காதீர்கள். மலாக்காவில் மழை பெய்யும், இல்லையென்றால் இப்போதுதான் பெய்து விட்டிருக்கும், வருஷம் முழுதும் ஒரே மாதிரிதான். பார்க்கவேண்டியது தண்ணீரை. கடல் ஏறும்போது போனால் ஆறு நிறைந்து காற்று வரும். வற்றும்போது போனால் மூக்கைப் பொத்திக்கொள்ளவேண்டும். நாங்கள் போனது வற்றும்போது.

ஆறு முப்பத்தைந்து இருக்கும், வளைவை அடைந்தோம். அங்கே தன் வீட்டு வேலியோரம் லெட்சுமியின் அப்பா தனியாக நின்றார். கால் ஆறியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடத் திகில்தான் அதிகம். அவர் பேசியது மலாய், நான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன இப்ப வந்துட்டீங்க? ராகு காலம் நடக்குதே." 'ராகு காலம்' என்பதை மட்டும் அவர் தமிழிலேயே சொன்னார்.

அக்காவுக்கு மலாய் நன்றாக வரும். "அது ஆறு மணிக்கே முடிஞ்சுபோச்சு. கோபுரத்துல பாத்துட்டுத்தான் எழுந்தோம்."

"அது ஜப்பான் மணி. பழைய மணிக்கு இப்ப அஞ்சு. நாலரைக்கு ஆரம்பிச்சது, இன்னும் முடியல." அவர் மேற்கே கையை நீட்டினார். "ராகு சூரியனப் பாக்குமா, ஜப்பான்காரன் மணியப் பாக்குமா?"

"நாங்க அந்த மணிக்குத்தான் வேலைக்குப் போறோம், சாப்பிடுறோம், சாமி கும்பிடுறோம். ராகுவுக்கு மட்டும் தனி மணியா?"

மாமா அன்று முதல்முறையாக வாயைத் திறந்து கணக்குச் சொன்னார். எங்கள் ராகு காலம் ஆறு மணிக்கு முடிந்தது. அவர்களுடையது அதே ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியும். இரண்டையும் மதித்தால் மாலைப்பொழுது மொத்தமும் ராகுவுக்கே போய்விடுகிறது. எங்கள் கடைசி பஸ் ஏழேகால்.

பதினைந்து மைல் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒன்றரை மணி நேரக் கணக்கில் அவளை முவார்க்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன் என்று தோன்றியது. கோபம்கூட வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"ஏழரை வரைக்கும் பொண்ண வெளிய கூட்டிட்டு வரமாட்டேன்" என்றார் அவர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வேலிக்குப் பின்னாலிருந்து லெட்சுமியே வந்துவிட்டாள், பின்னால் அவள் அம்மா. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணை அழகு தெரியாதபடி ஜோடித்து வைத்திருந்தார்கள். தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டி, கன்னத்தில் கரி பூசி, அம்மாவின் நைந்த சாரோங்கைக் கட்டியிருந்தாள். சிப்பாய்களுக்குப் பயந்து அப்போது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அதே ஜோடனைதான். என் கண்ணுக்கு அந்தக் கரி ஒன்றும் குறைத்துவிடவில்லை.

"அப்பா, இவங்க எதுக்கு வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்து வீட்டு வாசலில் யாரோ நின்றார்கள். "சும்மா. ஜாலான்-ஜாலான்" என்றார். உலாத்துவதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்கள்.

"நாமளும்?"

"நாமளும் ஜாலான்-ஜாலான்தான்."

"ஜாலான்-ஜாலானுக்கு ராகு காலம் ஏது?"

அக்கா சட்டென்று வள்ளியின் கையைப் பிடித்து லெட்சுமியின் கையில் கொடுத்தாள். "பாலம் வரைக்கும் உலாத்திட்டு வரலாம்லா" என்றாள். எல்லாரும் திரும்பி நடந்தோம்.

அந்தத் திரும்பும் நடையைப் பற்றி ஒழுங்காக எழுத எனக்கு வராது. முன்னால் லெட்சுமியும் வள்ளியும், வள்ளியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நானும். பின்னால் பெரியவர்கள் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு வந்தார்கள், கிழங்கு விலை, வேட்டி கிடைக்காதது, மூட்டைப்பூச்சி. நான் உடும்பைக் காட்டினேன். அவள் அதைத் தினமும் பார்க்கிறவள் என்பது பிறகுதான் உறைத்தது. "தோட்டத்துல ஆறு இருக்கா?" என்று கேட்டாள். கால்வாய் இருக்கிறது என்றேன். "கால்வாயும் தண்ணிதானே" என்றாள்.

ஏழு ஐந்துக்குப் பாலத்தடிக்கு வந்தோம். முத்து அண்ணன் பஸ்ஸின் பின்னால் நெருப்பை விசிறிக்கொண்டிருந்தார். இனிச் சுற்றிவளைக்க நேரமில்லை.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அக்கா நேராகவே கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். "ஏழரைக்கு முன்னால என் வாயில இருந்து வராது. என் ஒரே பொண்ணு. கெட்ட நேரத்துல சொல்லி நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

அவர் எங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, மகளுக்காகப் பயப்படுகிறார். முத்து அண்ணன் ஹாரனை ஒருமுறை அழுத்தினார்.

லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "உங்க மணிக்கு ராகு காலம் முடிஞ்சுடுச்சா?"

"முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேலாச்சு."

"அப்ப உங்க மணியில சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "மாவு" என்றாள்.

மலாயில் அதற்கு 'வேண்டும், சம்மதம்' என்று பொருள். வள்ளிக்கு அவ்வளவு மலாய் தெரியாது. அரிசிமாவு, கோதுமைமாவு எதையும் பார்த்து வருஷக்கணக்கான பிள்ளை. "மாவா? எங்கேம்மா மாவு?" என்று அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். லெட்சுமியின் அம்மா முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தோம், அவள் அப்பாவைத் தவிர.

அவர் மேற்கே பார்த்தபடி, "நான் ஒண்ணும் கேக்கல" என்றார். பிறகு பஸ்ஸருகே போய் முத்து அண்ணனிடம், "முவாருக்கு ஒரு சேதி சொல்லணும். ஏழரைக்கு மேல ஆள் தேடுறேன்" என்றார்.

மாமாவும் அக்காவும் வள்ளியும் ஏறிவிட்டார்கள். நான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டேன், "ஒங்களுக்கு ராகு காலத்துல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு." இரண்டு கைகளையும் சாரோங்கில் துடைத்துக்கொண்டாள். வியர்த்திருந்தது.

"அப்புறம் ஏன் இப்பவே சொன்னீங்க?"

"ஏழரை வரைக்கும் பஸ் நிக்காதே" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. எங்கள் தோட்டத்தில் புது வேட்டி கட்டுவதற்குக்கூட நேரம் பார்ப்போம். நல்ல நேரம் என்றால் நமக்கு நல்லது நடப்பதற்காக என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். தனக்குக் கெட்டது என்று நம்புகிற நேரத்தில், நான் வெறுங்கையோடு திரும்பிப் போகக் கூடாது என்று ஒருத்தி பயந்துகொண்டே வாய் திறந்திருக்கிறாள். அக்கா கல்யாணத்துக்குக் கோழி எங்கே கிடைக்கும் என்று விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். முதல் மேடு வந்ததும் முத்து அண்ணன் சொல்வதற்கு முன்பே நான் இறங்கித் தள்ளத் தொடங்கினேன்.