மூலைக்குப் பக்கத்துக் கட்டம்

மேஸ்திரி உப்புத்தாளால் டைல்ஸ் துண்டுகளின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும்; பிள்ளைகளின் விரலைப் பதம் பார்த்துவிடும். இரட்டைக் கட்ட நீளத்தில் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதக் கண்காட்சி.

அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பள்ளியின் கழிப்பறைக்குத் தரை போடப் போனார். வேடிக்கை பார்த்த பிள்ளைகளைச் சும்மா சீண்டினார்.

"அஞ்சுக்கு அஞ்சு கட்டம். அதுல ஒரு கட்டம் தண்ணி போற ஓட்டை. மிச்சத்துல ரெட்டை டைல்ஸ வெட்டாமப் போடணும். ஓட்டை எங்க இருந்தா முடியும்?"

மணி அடித்தும் ஒருத்தரும் நகரவில்லை. பார்த்த தலைமையாசிரியை, சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வரச் சொன்னார். அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் மேஸ்திரி வேறு வேலை ஒப்புக்கொண்டதில்லை.

வாரம் நாலைந்து புதிர் கொண்டுபோவார். அதில் ஒன்று முடியவே முடியாதது. எது என்று சொல்ல மாட்டார். 'முடியாது' என்று எழுதி, ஏன் என்றும் சொல்கிற பிள்ளையே கெட்டிக்காரப் பிள்ளை. ஓட்டை மூலையில் இருந்தால் தரை முடியும். மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் தலைகீழாய் நின்றாலும் முடியாது. மூலையைக் கறுப்பாக வைத்து, கட்டங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்தால் கறுப்பு பதின்மூன்று, வெள்ளை பதினொன்று மிஞ்சும். ஒரு துண்டு ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். பிறகு எப்படிச் சேரும்?

அவருடைய மனைவியின் தம்பி அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். போன மாதம் வந்து புதிர் நோட்டை வாங்கிப் போனான். "அழகா அச்சடிச்சுத் தர்றேன் மாமா. கண்காட்சில நீங்கதான் நின்னு நடத்தணும்."

மேஸ்திரி சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார்.

மூன்று மணிக்குப் போனபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு சிறுமி உம்மென்று உட்கார்ந்திருந்தாள். எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பதால் அவளுக்கு 'ஏன் பாப்பா' என்றே பெயர்.

"மேஸ்திரி மாமா, நீங்க வெளியூர் போயிட்டீங்கன்னு சார் சொன்னாரு!"

"நானா? இங்கதானே இருக்கேன். மூணு மணிக்கு வரச் சொன்னாரும்மா."

"காலைல பத்து மணிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே சனிக்கிழமை வகுப்பு சார்தான் எடுப்பாராம்."

அவள் ஒரு புத்தகத்தை நீட்டினாள். வழவழப்பான அட்டை, அதில் மைத்துனன் பெயர். உள்ளே அத்தனையும் இவருடைய புதிர்கள். பதினேழாவது, அந்தக் கழிப்பறைத் தரை. ஓட்டை மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தில். கீழே, 'விடை: 12'.

"போட்டியில இதான் கேட்டாங்க. நான் முடியாதுன்னு எழுதினேன். தப்புன்னுட்டாங்க. ஒரு மார்க்குல பரிசு போச்சு. நீங்க தப்பாச் சொல்லித் தந்துட்டீங்களா மாமா?"

அட்டையில் இருந்த பெயரைக்கூட அவர் விழுங்கிவிட்டார். இந்தக் கேள்வியை விழுங்க முடியவில்லை.

"இல்லம்மா, நீ எழுதினதுதான் சரி" என்றார். அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. அச்சில் இருந்ததே வேறு.

வீட்டில் மனைவி புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உனக்கும் தெரியுமா?"

"மேஸ்திரி பேரப் போட்டா படிச்சவங்க சிரிப்பாங்கன்னு தம்பி சொன்னான். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு."

"மூணு வருஷமா நீயும் சிரிச்சுட்டுதான் இருந்தியா?"

அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

மறுநாள் காலை மேஸ்திரி மைத்துனன் வீட்டுக்குப் போனார். அவனுடைய புதுக் குளியலறைக்கும் அவர்தான் தரை போட்டிருந்தார். டைல்ஸ் இடுக்குகளில் பூச்சு அடைப்பது மட்டும் பாக்கி. அவன் வாயில் பிரஷோடு வந்தான்.

"வாங்க மாமா! நேத்து ஒரே குழப்பமாயிடுச்சு…"

மேஸ்திரி கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தை அடித்தார். பையைக் கவிழ்த்தார். "வை மாப்ள."

"இருபத்துநால ரெண்டால வகுத்தா பன்னெண்டு. இதுல என்ன மாமா இருக்கு?"

"வகுத்தது போதும். வச்சுக் காட்டு."

நாலு தடவை கலைத்து அடுக்கினான். கடைசியில் பதினொரு துண்டு உட்கார்ந்தது. பன்னிரண்டாவது கையில் இருந்தது; மிஞ்சிய இரண்டு கட்டமும் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என் பேரெல்லாம் வேண்டாம். அந்தப் பொண்ணு மார்க்க மட்டும் குடு. இப்பவே பெரிய டீச்சருக்கு ஃபோன் போடு."

மேஸ்திரி குளியலறைக்குள் போய்ப் பூச்சைக் குழைத்தார். அடைக்காமல் விட்டால் தண்ணீர் அடியில் இறங்கித் தரையே பாழாகிவிடும். கூடத்திலிருந்து குரல் கேட்டது.

"ஆமா மேடம், அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி. ஒண்ணுமில்ல மேடம், அச்சுப்பிழை."

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு கடைசி இடுக்கு வரை அடைத்து, ஈரப் பஞ்சால் துடைத்தார். அங்கேயே விட்டிருந்த ரசமட்டத்தையும் கரண்டியையும் கழுவிப் பையில் போட்டார். கூடத்தில் பன்னிரண்டு துண்டுகளையும் எண்ணி எடுத்துக்கொண்டார். சாக்பீஸ் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, 'ஏன் பாப்பா' வீடு எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்.