மலைக்குப் போன பால்சுறா

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இதைப் படிக்க அமர்ந்த தங்களுக்கு முதற்கண் என் வணக்கம். நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றேன். சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் ஒரே பகலில் இரயிலிலும் பேருந்திலுமாக ஜவ்வாது மலைக்குச் சென்று சேர்ந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஒரே மகள் அம்மலையிலுள்ள சிற்றூர் ஒன்றில் அரசுச் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவ்வூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியரையே மணந்துகொண்டாள். தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்து வைத்திருந்தோம். ஆனால் குழந்தை மூன்று வாரம் முந்திக்கொண்டது. திருப்பத்தூர் மருத்துவமனையில் பிள்ளை பெற்று, மூன்றாம் நாளே மலையேறிப் புகுந்த வீட்டுக்குச் சென்றுவிட்டாள். அன்று மாலை தொலைபேசியில் பேசினாள்.

“பாலு சரியா எறங்கலம்மா. இப்படியே போனா டப்பா பாலு குடுக்கலாம்னு டாக்டர் சொல்றாரு.”

ஊரிலுள்ள தாய்மார்களுக்கெல்லாம் தாய்ப்பாலைப் பற்றி எடுத்துச் சொல்வது அவளுடைய உத்தியோகம். அவள் குரல் அன்று இறங்கியிருந்தது. என் மனைவி கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, “பால்சுறா இல்லாம நான் அங்க கால் வைக்கமாட்டேன்” என்றாள்.

பால்சுறா என்பது முழநீளம் இருக்கும் சிறிய சுறா. அதைப் புட்டாகச் செய்து பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் கரையில் வழிவழியாக வரும் நம்பிக்கை. இதனுடன் ஒரு கட்டுப்பாடும் உண்டு. அந்த மீன் எடுத்துச் செல்லப்படும்போது, யாருக்கு, எதற்கு என்று வழியில் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லலாகாது. சொன்னால் கேட்டவர் கண் பட்டுப் பால் வற்றும் என்பார்கள். தவறிச் சொல்லிவிட்டால் அதற்குப் பரிகாரம் ஒன்றே. கேட்டவர் அத்தனை பேரும் அந்தப் புட்டில் ஒரு வாயாவது உண்ண வேண்டும்.

என் மைத்துனன் ஏரி முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் வலை போடுபவன். மறுநாள் விடியலில் நான்கு சுறாக்களை ஒரு தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டி இட்டு அடுக்கிக் கொண்டுவந்தான். உருகிய நீரில் கிடந்தால் மீன் கெட்டுவிடும் என்பதால் பெட்டியின் அடியில் துளையிட்டிருந்தான். அத்துளையை நான் துணித்திரி வைத்து அடைத்தேன். ஆலையில் முப்பது ஆண்டு எண்ணெய்க் குழாய்க் கசிவுகளை அடைத்துப் பழகியவன் என்ற இறுமாப்பு எனக்கு இருந்தது.

புறப்படும்போது என் மனைவி வாசலில் நின்று எச்சரித்தாள். “யாரு கேட்டாலும் மருந்துன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறந்தே, அவ்ளோதான்யா.”

கும்மிடிப்பூண்டியில் காலை மின்சார இரயிலில், கூடைக்காரர்களுக்கென உள்ள வெண்டர் பெட்டியில் ஏறினோம். பொன்னேரியில் கீரைக்கட்டுகளும் இரண்டு மீன் கூடைகளும் ஏறின. மீன் கூடைக்கு உரியவள் எங்கள் வயதொத்த பெண்மணி. எங்கள் பெட்டியருகே அமர்ந்தவுடனே மூக்கை உறிஞ்சினாள்.

“இன்னாக்கா அது?”

“மருந்து” என்றாள் என் மனைவி.

“மருந்தா! வாலு வச்ச மருந்தா, வாலு வைக்காத மருந்தா?”

“மருந்துன்னா மருந்துதான். ஒனக்கு இன்னாத்துக்கு?”

“யாருகிட்ட? நான் நடக்கறதுக்கு முன்னாடியே மீன் கூடையில ஒக்காந்தவ.” அவள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். என் மனைவியின் மடியில் இருந்த பழைய வெள்ளைத் துணி மூட்டையையும் பார்த்தாள். அது பச்சைக் குழந்தைக்கு விரிக்கும் துணி. அதைக் கண்டதும் அவள் குரல் தணிந்தது. “சரி. நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல.” தன் கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி பனிக்கட்டியை அள்ளினாள். எங்கள் பெட்டியின் மூடியைத் தானே திறந்து உள்ளே போட்டு, மூடினாள். பிறகு சென்னை வரும்வரை அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நன்றி சொல்ல நான் வாயெடுத்தேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

சென்னையில் ஜோலார்பேட்டை வழியாகச் செல்லும் விரைவு வண்டியில் இடம் கிடைத்தது. பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளினோம். அரக்கோணம் தாண்டி வெயில் ஏற ஏற, வாடையும் ஏறியது. எதிரே இருந்த கண்ணாடிக்காரர் நாளிதழை மடித்து விசிறிக்கொண்டார்.

“யாரோ கருவாடு ஏத்திக்கினு வந்துருக்காங்க” என்றார்.

“ஆமாங்க” என்றாள் என் மனைவி, முகத்தில் சிறு சலனமும் இன்றி. “நாலு பேரு வர்ற வண்டியாச்சேன்னு ஒரு இது வேணாம்? இந்தக் காலத்துல யாருக்கு அறிவு இருக்குது?”

அவர் மனநிறைவுடன் தலையசைத்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். பாலாற்று மணலும், தென்னந்தோப்புகளும், தொலைவில் நீலநிறமாய் எழும் குன்றுகளும் கடந்து சென்றன. வாழ்நாளெல்லாம் சமநிலத்திலும் நீரிலும் வாழ்ந்தவனுக்கு மலை என்பது பெரிய விருந்து. மகளைப் பற்றிய கவலை ஒருபுறம் இருப்பினும், வெயிலும் காற்றும் பூரி கிழங்கும் நன்றாகவே இருந்தன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

வண்டி தாமதமாயிற்று. நாங்கள் திருப்பத்தூர்ப் பேருந்து நிலையத்தை அடைந்தபோது மணி மூன்றாகிவிட்டது. மகளின் ஊருக்கு மூன்றரைக்கு ஒரு பேருந்து. அது மலையிலேயே இரவு தங்கி, காலையில்தான் இறங்கும். அதை விட்டால் மறுநாள்தான். கழிவுநீர்க் கால்வாய் ஓரம் பெட்டியைச் சாய்த்து, திரியைப் பிடுங்கி உருகிய நீரை வடித்தோம். பனிக்கட்டி பாதிக்கும் கீழே இருந்தது. திரியை மீண்டும் நானே அடைத்தேன்.

பேருந்தில் மலைவாழ் மக்கள் நிறைய இருந்தனர். சந்தையில் புளியும் சாமையும் விற்றுவிட்டு, வெறும் சாக்குகளுடன் திரும்பிக்கொண்டிருந்தனர். நடத்துநர் முப்பது வயது மதிக்கத்தக்கவர், துடிப்பானவர். பயணச்சீட்டுக் கொடுக்கும்போது பெட்டியைக் காலால் தட்டி, “இன்னா லக்கேஜி?” என்றார். “மருந்து” என்றாள் என் மனைவி. அவர் நம்பி அப்பால் சென்றார்.

பேருந்து மலையடிவாரத்தை நெருங்கியது. முதல் ஏற்றத்தில் வண்டி முன்பக்கம் உயர்ந்தபோது, என் திரி நழுவியது. இளஞ்சிவப்பான நீர்க்கோடு ஒன்று எங்கள் இருக்கைக்கு அடியிலிருந்து புறப்பட்டது. அது இடைவழியில் அவசரமின்றி வளைந்து சென்று, பின்படிக்கட்டருகே நின்ற நடத்துநரின் செருப்பைத் தொட்டது.

அவர் குனிந்து பார்த்தார். விசில் அடித்தார். வண்டி நின்றது.

“பெரிவரே, உங்க மருந்துக்கு ரத்தம் வருதே!”

பேருந்து முழுவதும் சிரித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். “மீனு! பொய் சொல்லி ஏறியிருக்கீங்க. போன மாசம் இதே வண்டியில ஒருத்தன் மீன் கொண்டாந்து, மூணு நாளு கழுவினேங்க நான். எறங்குங்க. காலையில ஐஸ் வாங்கிப் போட்டுக்கினு வேற வண்டியில வாங்க.”

என் மனைவி அசையவில்லை. உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டு நேரே பார்த்திருந்தாள். மணி நான்கைத் தாண்டியிருந்தது. அந்த அடிவாரத்தில் பனிக்கட்டி கிடைக்கும் கடை எதுவும் எனக்குத் தென்படவில்லை. மீனுக்கு இன்னும் இரண்டு மணி நேரமே ஆயுள். இறங்கினால் மீன் போயிற்று. சொன்னால் கட்டுப்பாடு போயிற்று. என் மகளின் இறங்கிய குரல் என் காதில் இருந்தது. நான் எழுந்து நின்றேன்.

“தம்பி, என் மகள் பிள்ளை பெற்று நான்கு நாள் ஆகிறது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. இது அவளுக்காக எடுத்துச் செல்லும் மீன். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

என் மனைவி கண்களை மூடிக்கொண்டாள். “சொல்லிட்டியா” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு எங்களுக்குப் பின்னிருந்து ஒரு மலைக்காரப் பெண்மணி, சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“எந்த ஊட்டுப் பொண்ணு? நர்சம்மாவா?”

நான் தலையசைத்தேன்.

“அடப்பாவி கண்டக்டரு! என் மருமகளுக்கு ராத்திரி முழுக்கக் கூட நின்னு பிரசவம் பாத்த பொண்ணு அது. அதுக்குப் போற மீன எறக்கச் சொல்றியே, உன்ன உங்கம்மா இன்னா, டீசல் ஊத்தியா வளத்தா?”

சிரிப்பொலி எழுந்தது. ஓட்டுநர் முன்னாலிருந்து, “டீசல் ஊத்தியிருந்தாலும் இவ்ளோ பொக வராது” என்றார். நடத்துநரின் காது சிவந்தது. அவர் கீழே இறங்கி, சாலையோர வேப்பமரத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். பெட்டியைப் பின்படிக்கட்டு ஓரம் நிறுத்தி, சுற்றிலும் வேப்பிலையைத் திணித்தார். அந்தப் பெண்மணி தன் சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்தினாள். நடத்துநர் என்னிடம் வந்து, “இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாங்க?” என்று கேட்டார். அதற்கு விடை சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதால் போய் என் இருக்கையில் அமர்ந்தேன்.

மலைச்சாலையின் வளைவுகளைப் பற்றி எழுத ஆசைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே ஊர்கள் சிறுத்துக்கொண்டே போயின. காற்று குளிர்ந்தது. மூங்கிலின் மணம் உள்ளே வந்தது. ஆனால் என் அருகே அமர்ந்திருந்தவள் ஒன்றையும் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி, விரல் மடக்கி, தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நாப்பத்தோரு பேரு” என்றாள் இறுதியில். “ஓட்டறவரோட சேத்து. நாலு சுறா. எப்படிய்யா பத்தும்?”

ஐந்தரை மணிக்கு ஊரை அடைந்தோம். வழியிலுள்ள குடிசைகளில் இறங்கவேண்டியவர்களையும் என் மனைவி இறங்கவிடவில்லை. “ஒரு அரை மணி நேரம் இருங்க, ஒரு வாயி சாப்ட்டுப் போங்க” என்று படிக்கட்டை மறித்துக்கொண்டு கெஞ்சினாள். விவரம் புரியாவிட்டாலும், விருந்து என்று தெரிந்து எல்லோரும் வந்தனர். மருமகன் எங்களை அழைக்க வந்தவர், பேருந்து முழுவதையும் அழைத்துக்கொண்டு வீடு திரும்பும்படி ஆயிற்று.

மீன் கெடவில்லை. என் மனைவி மகளின் தலையைத் தடவி, குழந்தையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, நேரே அடுப்புக்குச் சென்றாள். மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் வெங்காயமும் சேர்த்து வதக்கினாள். மகளுக்கு உரியதை முதலில் எடுத்து வைத்தபின் சட்டியில் எஞ்சியது இரண்டு கை அளவே. அதைப் பார்த்து நின்றவளிடம் சம்பந்தியம்மா காரணம் கேட்டார். என் மனைவி வேறு வழியின்றி விவரத்தைச் சொன்னாள்.

“இதுக்காம்மா இப்படி நிக்கிற? நாப்பத்தோரு பேரு இல்ல, நாப்பத்திரெண்டு. இப்ப நானும் கேட்டுட்டேனே” என்று சிரித்த அவர், பெரிய பானையில் சாமைச் சோறு வடித்தார். எஞ்சிய புட்டை அதில் கொட்டிக் கிளறினார். கடல் மீனும் மலைத் தானியமும் ஒரே பானையில் கலந்ததை நான் அன்றுதான் கண்டேன். ஆளுக்கு ஓர் உருண்டை, இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தோம். எவரும் விடுபடவில்லை. நடத்துநர் மட்டும் தயங்கினார்.

“எனக்கு சுறா ஆவாதும்மா. கொமட்டும்.”

“கொமட்டுனா கொமட்டட்டும். முழுங்கு நைனா.”

அவர் கண்களை மூடிக்கொண்டு விழுங்கினார். பின்பு, குமட்டவில்லை என்று தெரிந்ததும், இன்னோர் உருண்டை கேட்டார்.

இரண்டு நாள் கழிந்தன. மூன்றாம் நாள் காலை, குழந்தை குடித்து முடித்துத் தூங்கியது. மகளின் குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. அடிக்கடி வாய் வைக்க வைக்கப் பால் தானே இறங்கும், சில பேருக்கு நாலைந்து நாள் ஆகும் என்று செவிலியாகப் பேசினாள். என் மனைவி சுறாதான் என்றாள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. டப்பாப் பால் வாங்கப்படவில்லை என்பது மட்டும் உண்மை.

அவ்வேளையில் கீழிறங்கும் காலைப் பேருந்து வீட்டின் எதிரே வந்து நின்று ஒலி எழுப்பியது. பின்படிக்கட்டில் தொங்கியபடி நடத்துநர் கத்திக் கேட்டார். “ஆயா! பாலு எறங்கிச்சா?”

வண்டி நிறைய ஆட்கள் இருந்தனர். கும்மிடிப்பூண்டியிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டு வந்தவள், முன்றிலுக்கு ஓடிச்சென்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, “எறங்கிச்சு நைனா, எறங்கிச்சு!” என்று எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொன்னாள். பேருந்து ஒருமுறை நீளமாக ஒலி எழுப்பிவிட்டு வளைவில் திரும்பியது.

எங்கள் பேரன் இப்போது தவழ்கிறான். அவன் முதல் உணவில் நாற்பத்திரண்டு பேர் கை நனைத்திருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியவேண்டும். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நாள்வரை நான் இருப்பேனோ, அறியேன். ஆகவே, ஐயா, அம்மா, இத்தாள்களை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.