ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் அறுபத்தைந்து இஞ்ச்

1. கேட்டிலேயே தகராறு

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த வீட்டு கேட்டைத் திறந்ததும் ஹவுஸ் ஓனர் என்னைப் பார்க்கவில்லை, என் பையைத்தான் பார்த்தார். டிரில் மிஷினின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா அது?"

"டிரில்லுங்க. கீழ் போர்ஷன்ல டிவி மாட்ட வந்திருக்கேன்."

"நீயா மாட்டப் போற? ஆம்பள யாரும் வர்லியா?"

"அவங்கள்லாம் லேட்டா வருவாங்க சார். அதான் என்னை அனுப்பிட்டாங்க."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு இதுதான் என் பதில். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். இவர் சிரிக்கவில்லை.

"நீ மாட்டு, எவன்னா மாட்டு, எனக்கு ஒண்ணுதான். சொவுத்துல ஒரு ஆணி எறங்குச்சுன்னா அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடுவேன். பேசித்தான் வாடகைக்கு வுட்டுகீறேன்."

அவர் பெயர் முனிரத்தினம். அந்த இடத்தில் அவர் குடும்பம் ஒரு காலத்தில் நெல் போட்டது. இப்போது அங்கே மூன்று போர்ஷன் நிற்கிறது, மாடியில் அவர். முன்பு இருந்த குடித்தனக்காரர் சுவரைச் சல்லடையாக்கிவிட்டுப் போனாராம். பட்டி பார்த்து பெயின்ட் அடித்ததிலிருந்து காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்க வேண்டும்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எல்லா ஹவுஸ் ஓனரும் பாடும் பாட்டுதான் இது. வாடகை வீடா, ஆணி அடிக்காதே. எனக்கோ சுவரில் ஓட்டை போடுவதுதான் பிழைப்பு. சண்டை வராமல் எப்படி இருக்கும்?

"அப்ப டிவியக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கணுமா சார்?"

"அது உன் பாடு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

2. கட்டிலில் இருந்த ஆள்

டிவி வாங்கியவர் நசீமா. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். அவர் கணவர் இக்பால் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வேளச்சேரி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்தும் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. கழுத்தையும் திருப்பக் கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கலாம், அவ்வளவுதான்.

அந்த அறையில்தான் அறுபத்தைந்து இஞ்ச் டிவி, சவுண்ட் பார், சப் ஊஃபர் எல்லாம் பெட்டியோடு கிடந்தன. வாசற்படியில் இக்பாலின் அண்ணன் காஜா நின்றிருந்தார். அவர் முகமே சரியில்லை.

"படுத்துக் கெடக்கறவனுக்கு ஹோம் தியேட்டர் கேக்குது. ஏன், ஃபோன்ல பாத்தா ஆகாதா?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல? விற்றது நானா?

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "ஃபோன்ல பாத்தா கதைதாண்ணே தெரியும். படம் தெரியாது."

பிறகு என்னிடம் பேசினார். "வெள்ளிக்கிழமை ஆனா ஜும்மா முடிச்சிட்டு, சாயங்காலம் புதுப்படத்துக்குப் போற ஆளு மேடம் நான். இப்ப வர்றவங்கள்லாம் ஆப்பிளு வாங்கியாந்து, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு பக்கத்துல உக்காந்துட்டுப் போறாங்க. எனக்கு முதுகுதான் போச்சு. கண்ணும் காதும் நல்லாத்தான் கீது. அதுக்கு ஒரு வேல குடுக்கணும்ல?"

எனக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துவிட்டது. நோயாளி என்றால் மருந்தும் கஞ்சியும் கேட்கலாம், ஆசைப்படக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? இவருக்குத் தியேட்டர் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

3. கட்டைவிரலுக்குப் பின்னால் ஹீரோ

சுவரில் மாட்டக் கூடாதென்றால் டேபிள் டாப். டிவிக்குக் கீழே கொடுத்திருக்கும் காலை மாட்டி மேஜைமேல் நிற்க வைப்பது. சாப்பாட்டு மேஜையைக் கட்டிலின் கால்பக்கம் இழுத்துப் போட்டு டிவியைத் தூக்கி வைத்து ஒரு படத்தை ஓடவிட்டோம்.

"தெரியுதா சார்?"

"என் பாதம் நல்லா தெரியுது" என்றார் இக்பால்.

நான் நம்பவில்லை. ஹாலில் இருந்த பெஞ்சை எடுத்துவந்து கட்டில் பக்கத்தில் போட்டு, தலையணையை மடித்து வைத்து, அவர் உயரத்துக்கு நானும் படுத்தேன். காஜாவுக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். படுத்துப் பார்த்தால், ஆமாம், என் கட்டைவிரலுக்குப் பின்னால்தான் ஹீரோ முகம் தெரிந்தது. மேலே தெரிந்த பாதியும், கீழேயிருந்து சாய்வாகப் பார்த்ததில், வெளிறிப்போய் இருந்தது.

எங்கள் தொழிலில் முதலில் சொல்லித் தருவது ஐ லெவல். சோபாவில் உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கிறதோ அங்கே திரையின் நடு இருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் சாமி படம் மாட்டுகிற உயரத்தில்தான் டிவியை மாட்டச் சொல்வார்கள். "இறக்குங்க சார், கழுத்து வலிக்கும்" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிருக்கிறது. இந்த ஒரு வீட்டில்தான் உயரம் தேவைப்பட்டது. மேலே தூக்கி, முகத்தைக் கீழே சாய்த்து மாட்டினால் படுத்தவர் கண்ணுக்கு நேராக வரும். அதற்கு டில்ட் பிராக்கெட் என் பையிலேயே இருந்தது. எதிரில் நல்ல செங்கல் சுவரும் இருந்தது.

மாடிக்குப் போய்க் கேட்டேன். நாலே நாலு ஓட்டை, காலி பண்ணும்போது நானே வந்து அடைத்து பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"போன தபா இருந்தவனும் இத்தான் சொன்னான்" என்றார் முனிரத்தினம். பிடித்த முயலுக்கு மூன்று கால். நான் கொஞ்சம் குரலை உயர்த்தியதும் நசீமா ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்துவிட்டார்.

"சண்டை வேணாங்க்கா. வீடு தேடி எவ்ளோ அலைஞ்சோம் தெரியுமா? எங்க பேரைக் கேட்டதும் 'நேத்துதான் முடிஞ்சுது'ன்னு சொன்னவங்கதான் அதிகம். இவர் ஒருத்தர்தான் பேரைக் கேட்டுட்டு, எப்ப வர்றீங்கன்னு கேட்டார். இவரை ஸ்ட்ரெச்சர்ல ஏத்த வாசப்படியில சரிவு கட்டிக்கவும் விட்டார். இந்த வீடு போச்சுன்னா இவரை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? டிவிய ரிட்டர்ன் எடுத்துக்குங்க."

முனிரத்தினம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், துணிந்து ஓட்டை போட்டிருப்பேன். நல்லது செய்தவரின் சுவரில் எப்படிக் கை வைப்பது?

உள்ளேயிருந்து இக்பாலின் குரல் வந்தது. "ரிட்டர்ன்லாம் கிடையாது நசீ."

"வீடு போயிடும்ங்க."

"வீடும் போவக் கூடாது, டிவியும் போவக் கூடாது. எல்லாத்தையும் வுட்டாச்சு, இதையுமா வுடச் சொல்ற?"

நசீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டேப்பை எடுத்து அறையை அளக்க ஆரம்பித்தேன்.

4. கஸ்டமர் நாட் ரெடி

அளந்துகொண்டிருக்கும்போதே சூப்பர்வைசரின் ஃபோன் வந்தது. எங்களுக்கு ஒவ்வொரு வீட்டு வேலையும் ஒரு 'கால்'. கால் முடியாவிட்டால் அவருக்கு அஜீரணம் வந்துவிடும்.

"செல்வி, இன்னும் இன்னா பண்ற? மேடவாக்கத்துல மூணு கால் வெயிட்டிங்."

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வால் மவுன்ட் இல்ல, டேபிள் டாப் இல்ல. கேன்சல் போட்டுட்டு கிளம்பு."

"ஸ்டாண்டு செஞ்சு மாட்டலாம் சார்."

"வெல்டிங் பட்டறையா நடத்தறோம்? நாளைக்கு விழுந்து அந்தாளு மேல பட்டா யார் பதில் சொல்றது? ரீசன்ல 'கஸ்டமர் நாட் ரெடி'ன்னு போடு."

"கஸ்டமர் ரெடியாத்தான் சார் இருக்கார். நாமதான் ரெடியா இல்ல."

"ரொம்பப் பேசற. நீ இல்லேன்னா வேற ஆளே இல்லன்னு நெனப்பா?"

"கேன்சல் போட்டுக்குங்க. நாளைக்கு எனக்கு லீவு. லீவுல நான் எங்க போறேன்னு கேக்காதீங்க."

அதற்குப் பிறகு சில வாரங்கள் எனக்கு நல்ல கால் எதுவும் வரவில்லை. தூரமான இடம், லிஃப்ட் இல்லாத மாடி, இவைதான் வந்தன. வரட்டும் என்று போனேன். ஆனால் அவர் கேட்டதில் ஒன்று மட்டும் நியாயம். விழுந்தால் யார் பதில் சொல்வது? கட்டிலில் இருப்பவரால் நகரவும் முடியாது. ஆகவே அது எந்தக் காலத்திலும் விழக் கூடாது. அன்று முழுக்க மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

5. கட்டிலையே காவல் வைத்தேன்

விடை கட்டிலிலேயே இருந்தது. டிவி பெட்டி அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் படம் போட்டேன். கட்டிலின் கால்பக்கத்துக்குப் பின்னால் இரண்டு ஸ்கொயர் பைப் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் அடியிலிருந்து கனமான இரண்டு இரும்புப் பட்டை கட்டிலுக்குக் கீழே நீண்டு போகும். சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் நாலு காலையும் அந்தப் பட்டைமேல் நிறுத்தி போல்ட் போட்டுவிட்டால், கட்டிலும் அதில் படுத்திருப்பவரின் எடையும் சேர்ந்து ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டினாலும் சாயாது. சுவருக்கு அங்கே வேலையே இல்லை.

மேடவாக்கத்தில் கிரில் கேட் செய்யும் தனசேகர் எனக்குத் தெரிந்தவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது டிவி ஸ்டாண்டா, டவர் கிரேனாக்கா?"

"ரெண்டும்தான். வெல்டிங் விட்டுச்சுன்னா உன் பட்டறையில வந்து படுத்துடுவேன்."

சொன்னபடி செய்து, கறுப்பு பெயின்ட் அடித்து, குட்டி யானை வண்டியில் போட்டு அனுப்பினார். ஃபிரேமை நிறுத்தி, போல்ட்டை முறுக்கி, டிவி ஏற்றுவதற்கு முன்னால் நானே அதன் மேல்பைப்பைப் பிடித்துத் தொங்கினேன். என் எடையைச் சொல்ல மாட்டேன், டிவியைவிட அதிகம். ஃபிரேம் அசையவில்லை. கட்டிலும் அசையவில்லை.

சத்தம் கேட்டு முனிரத்தினம் இறங்கி வந்தார். நசீமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முனிரத்தினம் நேராக ஃபிரேமுக்குப் பின்னால் போய், சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டு, மேலேயிருந்து கீழேவரை உரசிக்கொண்டே வந்தார்.

"சொவுத்துல எங்கியும் படல" என்றார்.

"படாது சார். ஆணி அடிக்கக் கூடாதுன்னீங்க. அடிக்கல."

"நாளைக்கு ஆடி வந்து இடிச்சா?"

"நீங்களே ஆட்டிப் பாருங்க."

ஆட்டினார். இரண்டு கையாலும் ஆட்டினார். உழுத கை, லேசுப்பட்டதில்லை. ஃபிரேம் ஆடவில்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆணின்னு சொன்னேன். டிவி வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல்லில் நின்றார், அதன்பிறகு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

6. ஓட ஆரம்பித்தது

டிவியை ஏற்றிச் சாய்வைச் சரிசெய்ய மறுபடியும் பெஞ்சில் படுத்தேன். எழுந்து ஒரு திருகு திருகுவேன், படுப்பேன், திரும்ப எழுவேன். கடையில் பளபளக்க வைத்திருக்கும் விவிட் மோடை மாற்றி சினிமா மோடில் போட்டேன். சவுண்ட் பாரைத் திரைக்கு அடியிலேயே ஃபிரேமில் பூட்டினேன். சப் ஊஃபரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் அதிர்வு முதுகுக்கு ஆகாது என்று அறையின் மூலையில், கனமான ரப்பர் ஷீட்மேல் வைத்தேன்.

படம் போட்டதும் இக்பால் சொன்னார், "அக்கா, சீரியல் மாதிரி கீது. தியேட்டர் மாதிரி இல்ல."

சரியாகப் பிடித்தார். மோஷன் ஸ்மூத்திங் ஆனில் இருந்தது. அசைவுகளை வழுவழுப்பாக்கி எந்தப் படத்தையும் மெகா சீரியலாக்கிவிடும் செட்டிங் அது. நிறைய வீடுகளில் வாங்கின நாள் முதல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். அணைத்தேன்.

காஜா வாசற்படியிலிருந்தே குறை கண்டுபிடித்தார். "மேலயும் கீழயும் கறுப்பா பட்டை வருது பாருங்க. இவ்ளோ பெரிய டிவி வாங்கி முழுசா தெரியலன்னா எப்படி? இழுத்து வுடுங்க."

"இழுத்தா எல்லார் மூஞ்சும் நீண்டுடும். அகலமா எடுத்த படம்ணே, அது அப்படித்தான் தெரியணும். நீ உள்ள வந்து உக்காரு, இல்ல வெளிய போ. வாசல்ல நின்னா வெளிச்சம் வருது" என்றார் இக்பால். காஜா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பிராக்கெட்டைப் பற்றியும் செட்டிங்கைப் பற்றியும் கேட்பார்கள். அதெல்லாம் பழகினால் வந்துவிடும். நான் சொல்வது வேறு. இந்தக் கதையில் முடியாது என்று சொன்ன அத்தனை பேரும் நின்றுகொண்டுதான் சொன்னார்கள். ஓனர் கேட்டில் நின்றார், அண்ணன் வாசற்படியில் நின்றார், சூப்பர்வைசர் எங்கேயோ கடையில் நின்றார். பார்க்கப் போகிறவர் எப்படி இருக்கிறாரோ அப்படி நீயும் இருந்து பார். அதற்குப் பிறகும் முடியாது என்று தோன்றினால் சொல், நான் கேட்டுக்கொள்கிறேன். பார்க்காமலே கேன்சல் போடாதே.

வேலை முடிந்ததும் இக்பால் நன்றி சொல்வார், நசீமா டீ கொண்டுவருவார், நானும் பெருமையாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று நினைத்து, டிரில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அப்ப சார், சவுண்டெல்லாம் போதுமா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, மறைக்குது. கொஞ்சம் குனிஞ்சு போங்க."

குனிந்துகொண்டே வெளியே வந்தேன்.