சித்தியின் லயத்தில் எனக்குக் கிடைத்த முறை

போன மாதம் நான் பதுளைக்குப் போனது மலை பார்க்க அல்ல. அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்த சித்திக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். சித்தி ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு பஸ் ஏறினால் பதுளைக்கு ஏழு மணி நேரம். அங்கிருந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். பேரம் பேசிப் பயனில்லை, பேசிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு மேலே உள்ள வளைவில் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டார்.

"பழுதாங்க?"

"இல்லீங்க. கீழ நோயாளி தூங்குது. இப்ப எல்லா வண்டியும் இப்பிடித்தான் எறங்கும்."

சித்தியின் பக்கத்தில் அடுத்த வீட்டுச் செல்வி வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கும் ஆறு பெண்கள் நாளுக்கு ஒருவராக முறை வைத்திருக்கிறார்கள். முறைக்காரி மத்தியானம் வரை சித்தியோடு இருந்துவிட்டுத்தான் மலைக்குப் போவாள். பிறகு, வேலையை விட்டு நின்ற பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொழுந்து நிறுக்கும்போது மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கை அள்ளி முறைக்காரியின் சாக்கில் போடுவார்கள். இல்லாவிட்டால் அவளுக்குப் பாதிச் சம்பளம்தான். கங்காணிக்கு அந்த நேரம் பார்த்து வேறெங்கோ அவசர வேலை வந்துவிடுமாம்.

நான் பழப்பையோடு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். சித்தி கண்ணே திறக்கவில்லை. செல்வியைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மறுநாள் அவள் முறை. அதை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சுக்கிட்டே இருங்க. காலு சில்லுனு இருந்தா தேய்ச்சு விடுங்க. அழுக வந்தா வெளிய போய் அழுங்க, உள்ள வேணாம்," என்றாள்.

மறுநாள் காலை பத்து மணி போலச் சித்தி கண் திறக்காமலே என் கையைப் பிடித்தார்.

"செல்வி, எம் மக கொழும்புல இருந்து வரும். நா இல்லேன்னா அத சும்மா அனுப்பிறாதீங்கடி. அதுக்கு அங்க யாருமில்ல. ஒங்கள்ல ஒருத்தியா வச்சுக்கங்க."

நான்தான் சித்தி, வந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் காத்திருந்தது செல்வியின் பதிலுக்கு.

"சரிங்கக்கா," என்றேன், செல்வி கூப்பிடுகிற மாதிரியே. கை மெல்லத் தளர்ந்தது. தூங்கிவிட்டார்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பழம் வேண்டாம், சாப்பிட ஆளில்லை. பழைய, மெல்லிய பருத்தித் துணி கொண்டுபோங்கள். லீவைக் கூட்டி எடுங்கள். போனதும் வெட்கப்படாமல் உங்களுக்கும் ஒரு முறை கேட்டு வாங்குங்கள்.

அந்த வாரமே சித்தி போய்விட்டார். அவர் கூப்பிடுவது போல என் பேரைக் கூப்பிட இனி யாருமில்லை. கருமாதிச் சமையலுக்குச் செல்வி ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி வேலை பிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக நின்றேன்.

"நீங்க என்ன நிக்கிறீங்க? அரிசி களையுங்க," என்று பானையை என் கையில் கொடுத்தாள்.

சித்தி கேட்டதை நான் அவளிடம் சொல்லியிருக்கவேயில்லை.